குன்வோரின் பிறந்தநாள் அறிவிப்பை நிறுத்திவைக்க வேண்டி

ஓவர்னெஸ்,
ஏப்ரல், ஏரிப் பனி இன்னும் ஆளைத் தாங்கும் வாரம்

மதிப்பிற்குரிய குடும்பப் பக்க ஆசிரியர் செசிலியா ப்ரூன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் வாசற்படிப் பனியில் வழுக்கி விழாமல் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நானும் நலம். என் முழங்கால் அதன் வழக்கப்படி இருக்கிறது. நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன். தங்கள் பத்திரிகையின் நெடுநாள் சந்தாதாரன். இதற்கு முன் ஒரே ஒரு கடிதம்தான் எழுதியிருக்கிறேன். எல்க் மான் படத்துக்குக் கீழே கலைமான் என்று அச்சாகியிருந்ததைப் பற்றியது அது. தங்களுக்கு முன்பிருந்தவர் பெருந்தன்மையோடு அதே படத்தை மறுபடியும் வெளியிட்டார், இம்முறை பெயரே போடாமல். அந்த அளவுக்கு ஒத்துழைப்பு இப்போதும் கிடைத்தால் போதும்.

விஷயம் இதுதான். வரும் சனிக்கிழமை தங்கள் பக்கத்தில் என் மனைவி குன்வோர் செட்டர்லுண்டின் பெயரில் ஓர் அறிவிப்பு வர இருக்கிறது. "அடுத்த வாரம் எனக்கு எழுபது வயது. வாழ்த்து, மலர், வருகை எதுவும் வேண்டாம். வெளியூரில் இருப்பேன்." இதை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். அவள் எந்த வெளியூருக்கும் போகவில்லை. சமையலறையில் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கப் போகிறாள். தாங்கள் போன இலையுதிர் காலத்தில்தான் தெற்கிலிருந்து வந்தவர் என்று கேள்வி. தெற்கே இப்படி அறிவிப்புப் போட்டால், பொய் என்று தெரிந்துகொண்டே நாலு பேர் கேக்கோடு வந்து நிற்பார்களாம். இங்கே அச்சில் வந்ததை மீறி ஒருவரும் கதவைத் தட்டமாட்டார்கள். அந்த ஒரு நாளோடும் அது முடியாது. பள்ளி ஆசிரியராக இருந்த யோஸ்டா தன் அறுபதாவது பிறந்தநாளில் ஜலதோஷம் காரணமாக இதே அறிவிப்பைப் போட்டார். இப்போது அவருக்கு எண்பது நெருங்குகிறது. இன்றுவரை அவர் வீட்டுக்கு யாரும் போகவில்லை. கடையில் பார்த்தால் அன்போடு தலையசைத்து, வெளியூரிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று விசாரிக்கிறார்கள்.

குன்வோர் இதைச் செய்வதற்குக் காரணம் அவளுடைய காது. இரண்டு வருஷமாகக் கேட்பதில்லை. காது மெஷின் வைத்துப் பார்த்தாயிற்று. அது சத்தத்தைக் கூட்டுகிறதே தவிர, சொல்லைத் தருவதில்லை. ஆரம்பத்தில் அவளும் விருந்துகளுக்கு வந்தாள். எல்லோரும் சிரித்ததைப் பார்த்துவிட்டுச் சற்றுப் பின்தங்கிச் சிரிப்பாள். பிறகு தேவாலயப் பாடற்குழுவை விட்டாள், பிறகு காபிக் கூட்டங்களை விட்டாள், பிறகு கடைக்கு என்னை மட்டும் அனுப்பினாள். ஒருநாள் நான் திரும்பி வந்தபோது, "எல்லாரும் என்ன பேசிக்கிட்டாங்க?" என்று கேட்டாள். பனியைப் பற்றி என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். "எனக்குச் சொல்ல உனக்குச் சோம்பல்," என்றாள். அன்றிலிருந்து கேட்பதையும் விட்டுவிட்டாள்.

இந்த நிலையில்தான், பேசுகிறவரின் சொற்களை அப்படியே வில்லையில் எழுத்தாகக் காட்டும் ஒரு மூக்குக்கண்ணாடி வரப்போவதாகவும், முதலில் முன்பதிவு செய்கிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் என்றும் தங்கள் பத்திரிகையிலேயே விளம்பரம் வந்தது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அதற்கு இன்னொரு விளம்பரம் தர விரும்பவில்லை. குன்வோரிடம் காட்டினேன். அவள் விளம்பரத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, அறிவிப்பை எழுதித் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டு என்னிடம் ஓர் ஒப்பந்தம் போட்டாள். "பேப்பர் அச்சுக்குப் போறதுக்குள்ள உன் கண்ணாடி வந்தா, நானே எழுதி நிறுத்திடறேன். வராது. அதனாலதான் தைரியமா சொல்றேன்."

முன்பதிவு தொடங்கிய காலையில் நான் முகச்சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கணினியின் முன் உட்கார்ந்தேன். வரிசையில் நிற்பதென்றால் ஒழுங்காக நிற்பது என் வழக்கம். திரையில் ஒரு சிறிய மனித உருவம் ஒரு கோட்டின் மேல் நடந்தது. எனக்கு முன்னால் ஒரு நகரமே நின்றிருந்ததால் அது மிக மெதுவாக நடந்தது. நான் அதைப் பார்த்தபடி இரண்டு முறை காபி போட்டுக் குடித்தேன். எழுந்து போனால் அது நின்றுவிடுமோ என்று மற்றதையெல்லாம் அடக்கிக்கொண்டேன். கடைசியில் உருவம் கோட்டின் முனையை அடைந்து கையை உயர்த்தியது. என் ஆர்டர் ஏற்கப்பட்டது என்றும், குரலைப் புரிந்துகொள்வதில் உலகிலேயே முன்னணியில் இருக்கும் நிறுவனம் என்பதால் உறுதிசெய்வதைக் குரல் வழியாக மட்டுமே பெறுகிறோம் என்றும், "உங்கள் குரலே உங்கள் கையொப்பம்" என்றும் செய்தி வந்தது. குரலுக்குப் பதில் எழுத்தில் தெரிவிக்கும் வசதியும் உண்டு. அது காது கேளாதவர்களுக்கு மட்டும். காது கேளாதவர் என்பதைத் தொலைபேசியில் அழைத்து, கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி நிரூபிக்க வேண்டும்.

இங்கே தெற்கத்திக்காரரான தங்களுக்கு ஒன்றை விளக்கியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆமாம் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. உதட்டைக் குவித்து, புருவத்தைக் கொஞ்சம் தூக்கி, காற்றை வெடுக்கென்று உள்ளே இழுப்போம். வேலை முடிந்தது. தாங்கள் வந்து இத்தனை மாதமாகிறதே, எல்லோருக்கும் ஆஸ்துமா என்று எண்ணியிருந்தால் தவறில்லை. இல்லை, வேண்டாம் என்பவற்றை வாயால் சொல்வோம்; அவை யோசித்துச் சொல்ல வேண்டியவை. ஆமாம் என்பதற்கு அவ்வளவு செலவு செய்வதில்லை. அதை வாய்விட்டுச் சொன்னால், ஏதோ மனசுக்குள் தயக்கம் இருக்கிறது என்று அர்த்தம். என் திருமணத்தில் பாதிரியார் கேட்டபோதுகூட நான் காற்றைத்தான் இழுத்தேன். குன்வோரும் அப்படியே. பாதிரியாரும் உள்ளூர்க்காரர் என்பதால் விவகாரம் இன்றிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

நிறுவனத்தை அழைத்தேன். லோவா என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட இயந்திரக் குரல் ஒன்று எடுத்தது. ஆர்டரை உறுதிசெய்ய விரும்பினால் ஆமாம் என்று சொல்லுங்கள் என்றது. சொன்னேன். பதில் கேட்கவில்லை என்றது. மறுபடி சொன்னேன். யோசிக்க நேரம் வேண்டும்போல் இருக்கிறது, அவசரமே இல்லை என்று சொல்லிவிட்டு, குழல் இசை போட்டது. இசை முடிந்ததும் மறுபடி கேட்டது, மறுபடி சொன்னேன். பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டு, "உங்கள் தயக்கத்தை மதிக்கிறோம்" என்று செய்தி அனுப்பியது. எனக்குத் தயக்கமே இல்லை என்பதை யாரிடம் சொல்வது. அன்றும் மறுநாளும் திரும்பத் திரும்ப அழைத்தேன். என் தொலைபேசியில்தான் கோளாறு என்று முடிவுசெய்து பக்கத்து வீட்டு ஹில்டிங்கைக் கூப்பிட்டேன். அவர் மர அறுவை ஆலையில் போர்மேனாக இருந்தவர், கட்டளையிட்டுப் பழகிய தொண்டை. அவர் தம் தொலைபேசியைக் கையில் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, உதட்டைக் குவித்து, ஆலை முழுவதற்கும் கேட்கும்படி காற்றை இழுத்தார். லோவாவுக்குக் கேட்கவில்லை.

"மெஷினுக்குக் காது செவிடு," என்றார் ஹில்டிங். "உன் பொண்டாட்டிக்கு வாங்கறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடு."

அந்தச் சமயத்தில்தான் லோவா குரலை மாற்றிக்கொண்டு, மிகுந்த அக்கறையோடு, அழைப்பவருக்கு மூச்சுத் திணறல் இருப்பதாகத் தெரிகிறது, உதவி அனுப்பட்டுமா என்றது. உதவி என்ற சொல்லைக் கேட்டதும், கடைசியில் ஒரு மனிதரிடம் பேசவிடுகிறார்கள் என்று நினைத்து, ஹில்டிங்கும் நானும் ஒரே நேரத்தில் இழுத்தோம். அந்த இரண்டு நாளில் அந்த இயந்திரம் ஒப்புக்கொண்ட ஒரே ஆமாம் அதுதான். நகரத்திலிருந்து காட்டுப் பாதை வழியாக ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கியவள் உள்ளூர்ப் பெண். சமையலறைக்குள் வந்து, "இதுல யாருக்கு மூச்சு முட்டுது?" என்று கேட்டாள். ஹில்டிங் தொலைபேசியைக் காட்டினார். அவள் இரண்டு பேரின் நாடியையும் பார்த்துவிட்டு, எங்கள் பக்கத்து வழக்கப்படி காபிக்குள் பாலாடைக்கட்டியைப் போட்டுச் சாப்பிட்டாள். வயர்லெஸ்ஸில் நோயாளிகள் நலமா என்று தலைமை நிலையத்திலிருந்து கேட்டார்கள். அவள் காற்றை இழுத்தாள். மறுபடி கேட்டார்கள். மறுபடி இழுத்தாள். இரண்டாவது வண்டி அனுப்பட்டுமா என்று பதற்றத்தோடு கேட்டபோது, நல்லவேளையாக, வேண்டாம் என்பதால் அவளால் வாயால் சொல்ல முடிந்தது.

இதையெல்லாம் குன்வோர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் ஆம்புலன்ஸ் ஏன் வந்தது என்று அவள் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரில் யார் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் போனாலும், அது திரும்பிப் போவதற்குள் என்ன நோய் என்று தெரிந்துவைத்திருப்பாள்.

மறுநாள், நீண்ட குழல் இசைக்குப் பிறகு, உண்மையான மனிதர் ஒருவர் கிடைத்தார். தில்டா என்ற இளம்பெண், தெற்குக் கோடியில் மால்மோ நகரத்திலிருந்து. அவள் பொறுமைசாலி. நான் அவளுடைய கேள்விகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தபோது, "சார், உங்க லைன்ல என்னமோ காத்து போற சத்தம் கேக்குது. டயர் பஞ்சரான மாதிரி," என்றாள். அதுதான் என் பதில் என்று விளக்கினேன். பிறகு இன்னொரு தடவை செய்துகாட்ட முடியுமா என்று கேட்டாள். செய்தேன். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டாள். செய்தேன். ஒலிபெருக்கியில் போடட்டுமா என்று கேட்டாள். அதற்கு நான் ஆமாம் சொன்னதே ஒலிபெருக்கியில் போயிற்று. அந்த அலுவலகமே கைதட்டியது என்று நினைக்கிறேன். நில அளவையில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு அது கிடைத்ததில்லை.

ஆனால் தில்டாவால் உறுதிசெய்ய முடியாதாம். லோவாவின் காதில் விழுந்தால்தான் செல்லும். "ஒரே ஒரு தடவை வாயைத் தொறந்து சொல்லிடுங்க சார். நான் லைன்லயே இருக்கேன்," என்றாள். பயிற்சிக்கு ஒருநாள் அவகாசம் கேட்டுக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போனேன். ஹில்டிங் கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன். முதலில் வந்தது இருமல்போல் இருந்தது. பிறகு வாக்குவாதம்போல் இருந்தது. ஹில்டிங்கே முயன்று பார்த்துவிட்டு, கூச்சமாக இருக்கிறது என்று நிறுத்திக்கொண்டார். மாலைக்குள் ஓரளவு தேறிவிட்டேன்.

மறுநாள் சமையலறையில் எழுந்து நின்று அழைத்தேன். தில்டா லைனில் இருந்தாள். என்னை லோவாவிடம் இணைத்தாள். நான் கண்ணை மூடி, மூச்சைச் சேகரித்து, விறகுக் கொட்டகைக்கு வெளியே என் வாழ்நாளில் முதல்முறையாக, சுவர்க் கடிகாரம் அதிரும்படி, "ஆமாம்" என்று சொன்னேன். மூச்சைச் சேகரித்ததில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அதற்குள் லோவா, பதில் ஏதும் வராததால் இந்த ஆர்டரை ரத்து செய்துவிடட்டுமா என்ற அடுத்த கேள்விக்குப் போயிருந்தது. "தெளிவான பதிலுக்கு நன்றி," என்றது. பின்னணியில் தில்டா, "ஐயோ சார்," என்றாள்.

கண்ணைத் திறந்தபோது குன்வோர் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"யாரு அந்தப் பொண்ணு?" என்றாள். "கல்யாணத்துல எனக்கே நீ அதச் சொல்லல."

காகிதத்தில் எழுதி விளக்க ஆரம்பித்தேன். இரண்டு வரி படித்துவிட்டு அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "விடு எவெர்ட். எனக்காக இவ்வளவு சத்தம் போடாத. எப்படியும் எனக்குக் கேக்கப் போறதில்ல," என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு தோலுரிக்கப் போய்விட்டாள்.

தில்டா தன் மேலதிகாரிக்குத் தெரியாமல் ஆர்டரைத் தன் கையாலேயே மறுபடி போட்டுவிடுவதாகச் சொன்னாள். அதன் பிறகு வந்த செய்திகளை வரிசையாகத் தருகிறேன். ஆர்டர் ரத்தானது. தங்கள் ஆர்டர் மகிழ்ச்சியோடு புறப்பட்டுவிட்டது. முந்தைய மகிழ்ச்சிக்கு வருந்துகிறோம். எங்கள் சேவை எப்படி இருந்தது என்பதை, குரல் வழியாக, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள். கடைசியானதற்கு மட்டும் என்னிடம் வாயால் சொல்லத்தக்க வார்த்தை இருந்தது. ஹில்டிங்கின் மனைவி ஆஸ்தா பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

ஆக, கண்ணாடி வரப்போவதில்லை என்று நான் முடிவுக்கு வந்துவிட்டேன். ஆகவே இரண்டு கோரிக்கைகள். முதலாவது, அந்த நிறுவனத்தை நம்பி வடக்கத்தியார் யாரும் முன்பதிவு செய்ய வேண்டாம் என்று வாசகர் பகுதியில் எச்சரிக்கை வெளியிட வேண்டும். ஒரு பிரதேசமே சம்மதம் தெரிவிப்பதைக் கேட்க முடியாத கருவி, சொன்னதையெல்லாம் எழுதிக் காட்டும் என்பது நம்பத்தக்கதல்ல. இரண்டாவதுதான் முக்கியம். அறிவிப்பை நிறுத்திவையுங்கள். குன்வோரின் அனுமதி எனக்கு இல்லை. அவளுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். அச்சுத் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். இடம் போதவில்லை என்று சொல்லலாம். அவளுடைய அறிவிப்பு இருக்க வேண்டிய இடத்தில் அந்த எல்க் மானை இன்னொரு முறை போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு வாரம் தாமதமானால் பிறந்தநாள் தாண்டிவிடும், யாராவது நாலு பேர் வழக்கம்போல் வந்துவிடுவார்கள், அவளும் வந்தவர்களுக்குக் காபி ஊற்றாமல் இருக்கத் தெரியாதவள். அச்சில் வந்துவிட்டால் யோஸ்டாவின் கதிதான். அவர் வெளியூரிலிருந்து இன்னும் திரும்பவில்லை.

தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் என் அன்பையும், தங்கள் வாசற்படிப் பனியில் தூவப் போதுமான மணலையும் வேண்டி முடிக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள சந்தாதாரன்,
எவெர்ட் செட்டர்லுண்ட்

பின்குறிப்பு: மேலே உள்ளவற்றைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். இதைத் தபாலில் சேர்க்க மளிகைக் கடைக்குப் போனேன். எங்கள் ஊரில் தபால் வாங்குவதும் பார்சல் கொடுப்பதும் அங்கே ஒரே மேசைதான். தபால்தலை கேட்டேன், கடைக்காரி தபால்தலையோடு ஒரு பெட்டியையும் தந்தாள். தில்டா சொன்னதைச் செய்துவிட்டாள். பெட்டியின் மேல், வாடிக்கையாளர் காற்றை உள்ளிழுத்தால் அது சம்மதம் என்று கையால் எழுதி ஒட்டியிருந்தாள்.

அன்று பிற்பகலே ஹில்டிங்கையும் ஆஸ்தாவையும் காபிக்குக் கூப்பிட்டேன். குன்வோர் தலை சீவி, நல்ல மேசைவிரிப்பை எடுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேர்வு எழுத வந்தவள்போல் நேராக உட்கார்ந்தாள். கண்ணாடி பழுதில்லாமல் வேலை செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். வில்லையில் வந்ததையெல்லாம் அவள் எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். முதலில் ஹில்டிங் வந்து உட்கார்ந்து, பனி என்றார். பனி என்று வந்தது. ஆஸ்தா காற்றை இழுத்தாள். 'காற்று வீசுகிறது' என்று வந்தது. நான் இழுத்தேன். 'காற்று வீசுகிறது.' பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடி நின்றுவிட்டதோ என்று அவள் அதைத் தட்டிப் பார்த்தாள். நிற்கவில்லை, நாங்கள்தான் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஹில்டிங், ஏரி என்றார். காற்று வீசியது. ஆஸ்தா, இன்னொரு பன் எடுத்துக்கொள்ளலாமா என்றாள். அன்றைய நீண்ட வாக்கியம் அது.

இரண்டாவது கோப்பை முடிந்ததும் குன்வோர் எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "ரெண்டு வருஷமா நான் எதையெல்லாம் விட்டுட்டேன்னு நெனச்சு உக்காந்திருந்தேன். இதையா?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள், இம்முறை எங்களுக்கெல்லாம் முந்திக்கொண்டு. சிரிப்பு அடங்கியதும் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"எனக்குக் காது இருந்தப்பவும் நீங்க இப்படித்தான் இருந்தீங்களா?"

மூன்று பேரும் உதட்டைக் குவித்தோம். அதைப் புரிந்துகொள்ள அவளுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை.

ஆகவே நிறுவனத்தைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கருவி சொன்னபடியே வேலை செய்கிறது, அதனால்தான் தேவைப்படவில்லை. அதைத் தெற்கத்திக்காரர்கள் வரும்போது மட்டும் மாட்டிக்கொள்வதாக அவள் சொல்லியிருக்கிறாள். தாங்களும் வர வேண்டும் என்று தனியாகச் சொல்லச் சொன்னாள். இந்தக் கடிதத்தை அவள் முழுவதும் படித்துவிட்டாள். யோஸ்டாவை நேரில் போய்க் கூப்பிடுகிறாளாம். அறிவிப்பை நிறுத்த வேண்டாம். இப்படி மாற்றி, அதே இடத்தில், சனிக்கிழமையே போடவும்:

"அடுத்த வாரம் எனக்கு எழுபது வயது. ஊரில்தான் இருக்கிறேன். மதியத்துக்கு மேல் காபி உண்டு. எல்லோரும் வரலாம். பேச வேண்டியதில்லை. குன்வோர்."